விட்டத்தில் இரண்டு தண்டுகள்

எட்டு வருடமாக நாங்கள் ஒரு பொய்யை ஒழுங்காகக் காப்பாற்றி வந்தோம். என் கணவருக்கு நடந்தது குடலிறக்க ஒப்பரேசன். எனக்குப் பித்தப்பைக் கல் எடுத்தார்கள். இரண்டும் ஒரே கிழமைக்குள், ஒரே ஆஸ்பத்திரியில். ஜெர்மனியில், வுப்பர்டால் நகரத்தில் இருக்கிற எங்கள் சனம் இதைக் கேட்டுவிட்டு, "அட, புருசன் பெண்சாதிக்கு வருத்தத்திலயும் சோடிப் பொருத்தமோ?" என்று சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். சிரிக்கும்போது இடப்பக்கத் தையல் இழுத்தது.

உண்மை இதுதான். என் இடது சிறுநீரகம் அவருடைய வயிற்றின் வலப்பக்கத்தில், தொடைக்குச் சற்று மேலே இருந்தது. அவர் மெலிந்த மனிதர். கை வைத்தால் தட்டுப்படும். சில நாட்களில் அவர் உறங்கிய பிறகு நான் கை வைத்துப் பார்ப்பேன். எனக்குள் இருந்தபோது அதை ஒருநாளும் தொட்டுப் பார்த்ததில்லை.

ஏன் மறைத்தீர்கள் என்று கேட்பவர்களுக்கு எங்கள் சனத்தைத் தெரியாது. வருத்தக்காரன் என்று ஒருமுறை பெயர் விழுந்தால் விழுந்ததுதான். எங்களுக்கு ஒரே ஒரு மகள். அவளுக்கு அப்போது பதினான்கு வயது. பத்து வருடம் கழித்து அவளுக்குக் கலியாணம் பேசும்போது, "தகப்பனுக்குக் கிட்னி இல்லையாம், தாய்க்கும் ஒண்டுதானாம், பரம்பரையோ என்னவோ" என்று எவளாவது வாய் திறப்பாள். அதை நினைத்தாலே எனக்கு உச்சியில் ஏறும். அதனால் மறைத்தோம். என் சிறுநீரகத்தை அவர் உடம்பு தள்ளிவிடாமல் இருக்க, காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் அவர் குளிசை போட வேண்டும், ஒரு நிமிடம் பிந்தக் கூடாது. கலியாண வீடு, பிறந்தநாள் வீடு என்று எங்கே நின்றாலும் எட்டு மணிக்கு மனிதர் கழிவறைக்குப் போய்விடுவார். குழாய்த் தண்ணீரைக் கையில் ஏந்தி விழுங்கிவிட்டு, முகம் துடைத்துக்கொண்டு வந்து மறுபடி சபையில் உட்காருவார்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த தடித்த புத்தகத்தை எங்களுக்கு வாசித்துச் சொன்னது மகள்தான். அவள்தான் எங்கள் வீட்டின் ஜெர்மன் வாய். பம்பிளிமாஸ் சாப்பிடக் கூடாது, வெயிலில் நிற்கும்போது தொப்பி போட வேண்டும், பச்சை முட்டை கூடாது என்று விரல் வைத்து வாசித்துக்கொண்டு வந்தவள் ஓர் இடத்தில் நின்றாள். "ஒரு பூ போட்டிருக்கு அம்மா. இதை ஆர் தின்னப் போகினம், விடுங்கோ" என்று பக்கத்தைப் புரட்டினாள். நானும் விட்டேன். எனக்கு அப்போது இருமினாலே உயிர் போகும்.

போன வருடத்துக்கு முந்தைய இலையுதிர் காலத்தில் மகள் மேற்படிப்புக்கு லைப்சிக் நகரத்துக்குப் போனாள். அதோடு என் கணவருக்கு உள்ளே ஏதோ தளர்ந்து போனது. வேலைக்குப் போவார், வருவார், சாப்பிடுவார். ஆனால் பேச்சு இல்லை. இரவு இரண்டு மணிக்குக் குசினியில் லைட் எரியும். போய்ப் பார்த்தால் கைகளை மேசையில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பார். "என்ன யோசிக்கிறியள்?" என்றால், "ஒண்டுமில்லை, நீர் போய்ப் படும்" என்பார். அந்த "ஒண்டுமில்லை" என்னைத் தின்றது. வசந்தம் வந்தது, வெயில் வந்தது, அவர் முகத்தில் மட்டும் ஒன்றும் வரவில்லை.

எங்களுக்கு ஊரின் விளிம்பில், மேட்டில் ஒரு சின்னத் தோட்டம் உண்டு. நகரத்தில் அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு வரிசை வரிசையாகத் துண்டு நிலம் பிரித்துக் கொடுக்கிற தோட்டக் கொலனி. ஒவ்வொரு துண்டிலும் ஒரு மரக்கொட்டில். நாங்கள் கத்தரியும் பச்சைமிளகாயும் வெங்காயமும் போட்டிருந்தோம். பக்கத்துத் துண்டு ஒரு ஜெர்மன்காரியுடையது. பஸ் ஓட்டுகிறவள். ஐம்பத்தைந்து வயதிருக்கும், ஆண்பிள்ளை போல ஒட்ட வெட்டிய நரைத்தலை, முழங்கைக்கு மேலே பச்சை குத்திய சூரியன். நேரடியாகப் பேசுகிறவள், நேரடியான பதிலை எதிர்பார்க்கிறவள். நான் மிளகாய் கொடுப்பேன், அவள் ரோஜாக் கம்பு தருவாள். அப்படித்தான் எங்கள் சிநேகிதம்.

அவளும் பதினைந்து பேரும் சேர்ந்து ஒரு கூட்டம். இயேசு இந்த நாட்டுக்கு வருமுன் இருந்த பண்டிகைகளைக் கொண்டாடுகிறவர்கள். பெரிய பண்டிகை ஜூன் மாதத்தில், பகல் மிக நீளமான நாளில். நான் மன்னார்க் கத்தோலிக்கச்சி, சும்மா இருப்பேனா? "அது எங்கட ஸ்நாபக அருளப்பருடைய திருநாள் அல்லோ, இருபத்துநாலாம் தேதி!" என்று ஒருநாள் வேலியில் நின்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் மல்லுக்கு நின்றேன். அவள் மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு சொன்னாள்: "முதலில் சூரியன் வந்தது. அருளப்பர் பிறகுதான் வந்தார்."

அந்த வருடம் அவள் எங்களையும் கூப்பிட்டாள். "உன் மனுசனைக் கூட்டிக்கொண்டு வா. வேலியோரத்தில் இருட்டிப்போய் நிற்கிறார். எனக்கே பார்க்கப் பாவமாக இருக்கிறது."

பண்டிகை நாள் காலையில் கொலனியின் பின்பக்கத்துப் புல்வெளிக்குப் போனோம். அங்கே ஓர் ஆள் உயரத்துக்கு மேலே விறகும் சுள்ளியும் குவித்திருந்தார்கள். மூன்று கிழமையாகச் சேர்த்த குவியல். இரவு கொளுத்தப் போகிறார்கள் என்று பார்த்தால், ஐந்தாறு பேர் கையுறை போட்டுக்கொண்டு அதைக் கொப்புக் கொப்பாகப் பிரித்து, இரண்டு அடி தள்ளி மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். "இதென்ன விசர் வேலை?" என்று என் கணவர் என் காதுக்குள் கேட்டார். பக்கத்துத் தோட்டக்காரி விளக்கினாள். இத்தனை நாள் கிடந்த குவியலுக்குள் ஏதாவது உயிர் வந்து குடியிருக்கும், பார்க்காமல் தீ வைக்கக் கூடாது. அடிக்கொப்பைத் தூக்கியபோது உள்ளே உண்மையாகவே ஒரு முள்ளெலி, நான்கு குஞ்சுகளோடு. குஞ்சுகள் கண் திறக்கவில்லை. அவள் தொப்பிக்குள் புல் பரப்பி அவற்றை எடுத்துப் போய் வேலியடியில் விட்டாள்.

உச்சிப்பொழுதில் என்னை மட்டும் மேட்டுக்குக் கூட்டிப் போனாள். அங்கே ஒரு சின்ன மஞ்சள் பூ, ஐந்து இதழ், செடி முழங்கால் உயரம். சூரியன் உச்சியில் நிற்கும்போதுதான் பறிக்க வேண்டுமாம், அப்போதுதான் அதன் பலம் முழுதாக இருக்குமாம். யோவான் பூ என்று பெயர் சொன்னாள், எங்கள் அருளப்பர்தான் யோவான். ஒரு மொட்டைப் பிய்த்து என் விரல்களுக்கிடையில் வைத்து, "நசுக்கு" என்றாள். நசுக்கினேன். மஞ்சள் மொட்டுக்குள்ளிருந்து இரத்தச் சிவப்பாகச் சாறு வந்தது. "ஐயோ!" என்று கையை உதறினேன். அவள் சிரித்தாள். "சூரியனுடைய இரத்தம் என்பார்கள். உள்ளே இருட்டாக இருப்பவர்களுக்கு இதை அவித்துக் கொடுப்பார்கள். தூக்கம் வரும். மனம் வெளிக்கும்."

எனக்கு அந்த இரண்டு மணி லைட் ஞாபகம் வந்தது.

அவள் கூடையை என்னிடம் தரவில்லை. கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். "உன் மனுசன் ஏதாவது மருந்து எடுக்கிறாரா? இது மற்ற மருந்துகளோடு சேராது. உண்மையைச் சொல்."

அந்த இடத்தில் நான் சொன்ன பதிலைப் பிறகு ஆயிரம் முறை திரும்பச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். சொன்னது ஒரு வரிதான். "இல்லை, அவர் நல்ல சுகமான ஆள்." யோசித்துச் சொல்லவில்லை. எட்டு வருடம் சொல்லிச் சொல்லித் தழும்பேறிப் போன வாய். தும்மல் வருவது போல வந்துவிட்டது. சொன்ன பிறகும் எனக்கு உறைக்கவில்லை. அவித்துக் குடிக்கிறதை மருந்தென்று ஆர் நினைப்பார்கள்? தடிமன் வந்தால் மல்லித்தண்ணி, வயிறு நொந்தால் ஓமத்தண்ணி என்று வளர்ந்தவள் நான். மருந்தென்றால் பெட்டிக்குள் இருக்க வேண்டும், டொக்டர் எழுத வேண்டும். இது பூவும் சுடுதண்ணியும்.

அவள் கூடையைத் தந்தாள்.

திரும்பி வரும்போது என் வேலியடியில் நின்ற தடித்த இலைச் செடியில் இரண்டு தண்டு வெட்டினாள். எங்கள் ஊர் ரணகள்ளி மாதிரி சதைப்பிடிப்பான இலை, தண்ணீர் இல்லாவிட்டாலும் வாரக்கணக்கில் பச்சையாக நிற்கும். "வீட்டில் எத்தனை பேர் தூங்குகிறீர்கள்?" என்று கேட்டாள். இரண்டு பேர் என்றேன். எங்கள் கொட்டிலின் விட்டத்தில் இருந்த வெடிப்பில் இரண்டு தண்டையும் செருகினாள். ஜன்னல் பக்கம் இருப்பது அவருடையது, கதவுப் பக்கம் இருப்பது என்னுடையது என்றாள். செருகி முடித்த பிறகு கொஞ்சம் தயங்கினாள்.

"என்னத்துக்கு இது?" என்று என் கணவர் கேட்டார்.

"பழைய ஆட்களின் வழக்கம். எவருடைய தண்டு முதலில் வாடுகிறதோ, அவருக்கு அந்த வருடம் நல்லதில்லை." பிறகு அவசரமாக, "நான் விளையாட்டாகத்தான் செய்வேன். என் கொட்டிலிலும் தொங்குகிறது" என்றாள்.

விளையாட்டாம்! சாவைக் கூப்பிட்டு விட்டத்தில் செருகிவிட்டு விளையாட்டாம். எனக்கு அவளைக் கடிக்க வேண்டும் போல இருந்தது. பிடுங்கி எறியவும் பயம். பிடுங்கினால் அது ஒரு குறியாகிவிடுமோ என்று இன்னொரு பயம். நான் சிலுவை போட்டுக்கொண்டேன். என் கணவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "ரெண்டும் வாடாட்டி என்ன செய்யிறது, நூறு வயசு மட்டும் நீர் சமைக்கிறதைத் தின்ன வேணுமோ?" என்றார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் வாயில் ஒரு பகிடி வந்தது. அதற்காகவே நான் அந்தத் தண்டுகளை விட்டுவைத்தேன்.

இரவு பத்து மணிக்கும் வானம் அணையவில்லை. தீயணைப்புப் பிரிவைச் சேர்ந்த ஒருவர் வாளியோடு ஓரமாக நிற்க, குவியலுக்குத் தீ வைத்தார்கள். ஒருவர் மேளம் தட்டினார். ஆளுக்கொரு நீளமான செடியை இடுப்பில் கட்டியிருந்தோம், பச்சை மணம் வீசுகிற ஏதோ ஒரு களை. சூரியன் போகிற திசையில் மூன்று முறை சுற்றி வந்து, உடம்பிலோ மனதிலோ இருக்கிற நோயை அந்தச் செடியிடம் சொல்லி, அவிழ்த்து நெருப்பில் எறிய வேண்டும். வாய் முணுமுணுக்கிற முகங்கள் சுற்றிலும் சிவப்பாகத் தெரிந்தன. பகலில் பல் டொக்டரிடம் வேலை செய்கிற பெண்ணும் வரிக் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவரும்தான். ஆனால் அந்த வெளிச்சத்தில் ஒருவரையும் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"இன்றோடு உச்சி. நாளையிலிருந்து பகல் குறையும்" என்றாள் பக்கத்துத் தோட்டக்காரி.

"இறக்கம் தொடங்கிறதையா கொண்டாடுறீங்கள்?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்க்காமல் நெருப்பையே பார்த்துச் சொன்னாள். "கொண்டாடவில்லை. பயத்தில்தான் தீ மூட்டுகிறோம்."

தணல் தாழ்ந்த பிறகு சோடி சோடியாகக் கைகோத்து அதன்மேல் பாய்ந்தார்கள். கை விடாமல் பாய்ந்தால் பிரிவு இல்லையாம். "வாங்கோ" என்று இவரை இழுத்தேன். "இந்த வயசிலயோ? உமக்கு மண்டையில ஏதும் கழண்டு போச்சோ?" என்றார். ஆனால் வந்தார். அவருடைய கை என் கையை இறுக்கிய இறுக்கம் இன்றும் நினைவிருக்கிறது. பாய்ந்தோம். கை விடவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள்.

மறுநாள் இரவே ஒரு கோப்பை அவித்துக் கொடுத்தேன். "என்ன இது கசக்குது?" என்றார். "பேசாமல் குடியுங்கோ, நித்திரை வரும்" என்றேன். குடித்தார். ஒரு கிழமையில் குசினி லைட் எரிவது நின்றது. மனிதர் விடிய எழும்பி ரேடியோ போட்டார். மகளோடு போனில் பகிடி விட்டார். "அப்பாக்கு என்னம்மா நடந்தது?" என்று அவள் கேட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "அம்மாட கைப்பக்குவம்" என்றேன்.

இரண்டு கிழமை கழித்து ஒரு சனிக்கிழமை. அவர் முதலே தோட்டத்துக்குப் போயிருந்தார். நான் வேலை முடிந்து மத்தியானம் போனேன். கொட்டில் கதவைத் திறந்து அண்ணாந்து பார்த்தேன். ஜன்னல் பக்கத்துத் தண்டு தலை குனிந்து கிடந்தது. இலைகள் சுருங்கி நுனி கறுத்திருந்தன. கதவுப் பக்கத்துத் தண்டு, என்னுடையது, பச்சைப் பசேலென்று நிமிர்ந்து நின்றது.

கதவைப் பிடித்தபடி திரும்பினேன். வெளியே அவர் பச்சைமிளகாய் ஆய்ந்துகொண்டு நின்றார். "என்ன, பேயைக் கண்டமாதிரி நிக்கிறீர்?" என்றார். "ஒண்டுமில்லை" என்றேன். இந்த முறை "ஒண்டுமில்லை" என்னுடையது.

ஜன்னல் பக்கம் வெயில் கூட, அதனால் வாடியிருக்கும் என்று எனக்கு நானே சொன்னேன். ஜெபமாலை சொன்னேன். ஆனால் மனம் கேட்கவில்லை. அன்றிலிருந்து ஒரு கோப்பையை மூன்றாக்கினேன். விடிய ஒன்று, மத்தியானம் சுடுதண்ணிப் போத்தலில் வேலைக்கு ஒன்று, இரவு ஒன்று. பூவையும் கூடப் போட்டேன். தண்ணி செம்மஞ்சளாக இறங்கும். அவர் கேள்வி கேட்கவில்லை. மூக்கைச் சுளித்துக்கொண்டு குடிப்பார், கோப்பையைக் கவிழ்த்துக் காட்டுவார்.

ஆகஸ்ட் தொடக்கத்தில் அவருடைய சப்பாத்து இறுக்கியது. கணுக்காலில் விரல் வைத்து அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நின்றது. இந்த வெயிலுக்கு எல்லோருக்கும் கால் வீங்கும் என்றார். மூன்று மாதத்துக்கொருமுறை இரத்தம் பார்க்க டொக்டரிடம் போகிற டெர்மின் செப்டம்பரில்தான். நான் இன்னும் கொஞ்சம் பூ போட்டேன். அடுத்த சனிக்கிழமை கேவலார் மாதா கோவில் தமிழர் யாத்திரைக்கு பஸ் ஏறவேண்டியவர், விடிய வாந்தி எடுத்தார். வலப்பக்க வயிற்றில் கை வைத்தேன். அந்த இடம் கல்லுப் போல இறுகி, தொட்டதும் அவர் கத்தினார்.

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள், ஊசி விட்டுச் சிறுநீரகத்திலிருந்து ஒரு துணுக்கு எடுத்தார்கள். அவருடைய உடம்பு என் சிறுநீரகத்தை அந்நியமென்று கண்டுபிடித்துத் தாக்கத் தொடங்கிவிட்டது என்றார்கள். குளிசையின் அளவு இரத்தத்தில் இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லையாம். "எத்தனை நாள் குளிசை போடாமல் விட்டீர்கள்?" என்று கேட்டார் ஒரு பெரிய டொக்டர்.

"ஒரு நாளும் விடேல்லை!" என்று கத்தினேன். "புதிதாக வேறு மருந்து?" என்றார். "இல்லை!" என்றேன். அவர் தாதியைப் பார்த்தார், தாதி என்னைப் பார்த்தாள். எட்டு வருடம் ஊர் முழுக்கப் பொய் சொன்னேன், எல்லோரும் நம்பினார்கள். அன்று உண்மை சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை.

மூன்று நாள் பலமான மருந்து ஏற்றினார்கள். ஒன்றும் அசையவில்லை. நான்காம் நாள் ஒரு இளம் டொக்டர் பிள்ளை வந்தாள். எங்கள் தமிழ்ப் பிள்ளை, இங்கேயே வளர்ந்தவள். எனக்கு முதலில் வந்தது நன்றியல்ல, பயம். இவள் ஆருடைய மகளோ, இவளுடைய தாய் எந்தக் கோவிலுக்குப் போகிறவளோ! அவள் அது விளங்கினமாதிரி கதவைச் சாத்திவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அன்ரி, நான் ஒருத்தரிட்டையும் கதைக்க ஏலாது, சட்டம் இருக்கு. குளிசைக் கதையை விடுங்கோ. வீட்டில அங்கிள் என்னென்ன குடிக்கிறவர்? விடியத்திலயிருந்து ஒண்டொண்டாச் சொல்லுங்கோ."

நான்கு நாளாக ஒருவரும் அப்படிக் கேட்கவில்லை. "விடிய முதல் குடிநீர், பிறகு பால்தேத்தண்ணி..." என்று தொடங்கினேன்.

"என்ன குடிநீர்?"

"ஒரு பூ அவிச்சு. மனசுக்கு நல்லது. இதோ, இண்டைக்கும் கொண்டந்தனான்."

கட்டிலோர மேசையில் சுடுதண்ணிப் போத்தல் இருந்தது. அந்த நான்கு நாளும் ஆஸ்பத்திரிக்குள்ளேயும் நான் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். அவள் மூடியைத் திறந்து மணந்தாள். பூவின் பெயரைக் கேட்டாள். சொன்னேன். அந்தப் பிள்ளையின் முகம் போன போக்கை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். எழுந்து போய்க் கைகழுவும் தொட்டியில் போத்தலைக் கவிழ்த்தாள். செம்மஞ்சள் தண்ணி வெள்ளைத் தொட்டியில் சுற்றி இறங்கியது. பிறகு என் பக்கத்தில் வந்து இருந்து என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். அந்தப் பூ குளிசையை உடம்பில் நிற்க விடாது. எவ்வளவு கூடக் குடிக்கிறாரோ அவ்வளவு வேகமாக வெளியே தள்ளிவிடும்.

கட்டிலில் அவர் விழித்துக்கொண்டு கிடந்தார். எல்லாம் கேட்டுவிட்டார். நான் அவருடைய காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "கசக்குது எண்டனீங்கள், பிறகேன் குடிச்சனீங்கள்? ஒருநாள் எண்டாலும் ஏலாது எண்டு சொல்லியிருக்கலாமே!"

அவருக்குப் பேச மூச்சு வாங்கியது. "நீர் தந்ததை நான் எப்ப வேண்டாமெண்டனான்?" என்றார்.

எவ்வளவோ செய்தார்கள். அக்டோபரில் அந்தச் சிறுநீரகத்தின் வேலை முடிந்தது. கிழமைக்கு மூன்று நாள் இயந்திரத்தில் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். எட்டு வருடத்துக்கு முன் அதற்காக அவருடைய இடது கையில் இணைத்த இரத்தக்குழாய் இன்னும் வேலை செய்தது. காது வைத்தால் வண்டு இரைவது போல இரையும். என்னிடம் இனிக் கொடுக்க ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்த அன்று அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். மகள் புரட்டிவிட்ட பக்கத்தில் அந்தப் பூவின் படம் இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. அப்போது அவள் பதினான்கு வயதுப் பிள்ளை. சொல்லவும் மாட்டேன். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, அதனால்தான் இதை எழுதவாவது முடிகிறது.

பக்கத்துத் தோட்டக்காரியிடம் மட்டும் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகம் வெளிறிவிட்டது. பிறகு கோபம் வந்தது அவளுக்கு. "நான் கேட்டேனே! மேட்டில் நின்று கேட்டேனே!" என்று கத்தினாள். "ஒரு முள்ளெலிக்காக அரை நாள் விறகு பிரித்தோம். நீ எனக்கு ஒரு வார்த்தை உண்மை சொல்லவில்லை." கத்தி முடித்ததும் வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கலியாணம், சனம், கதை என்று அவளுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? அந்த நேரத்தில் எனக்கே அது விளங்கவில்லை.

இந்த வருடமும் நீளமான பகல் வந்தது. அன்று அவருக்கு இயந்திர நாள் இல்லை. மத்தியானம் இருவரும் கொட்டிலில் இருந்தோம். அவருக்கு இப்போது அளந்துதான் தண்ணி. ஒரு சின்னக் கோப்பையை மடக்கு மடக்காக வைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். புல்வெளிப் பக்கத்தில் விறகு பிரிக்கிற சத்தம் கேட்டது. எங்களை ஒருவரும் கூப்பிடவில்லை. நான் அண்ணாந்து பார்த்தேன். விட்டத்து வெடிப்பில் போன வருடத்துத் தண்டுகள் இரண்டும் குச்சியாகக் காய்ந்து நின்றன.

"அதைக் கண்ட நாளிலதான் எனக்கு விசர் பிடிச்சது" என்றேன். "உங்கட தண்டு வாடிப் போச்செண்டு பயந்துதான் மூண்டு தரம் தந்தனான். இல்லாட்டி ஒரு கோப்பையோட நிண்டிருப்பன். கொஞ்சமெண்டாலும் தப்பியிருக்கும்."

இதை அவரிடம் அன்றுதான் முதல்முறை சொன்னேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார். அண்ணாந்து விட்டத்தைப் பார்த்தார்.

"இஞ்சேரும்," என்றார். "அண்டைக்கு விடிய நான் வரேக்கை வாடிக் கிடந்தது உம்மட தண்டு."

எனக்கு விளங்கவில்லை.

"கதவுப் பக்கத்துத் தண்டுதான் வாடினது. என்ரை நல்லாத்தான் நிண்டது. விசர்க் கதைதான், எனக்குத் தெரியும். எண்டாலும் மனம் கேக்கேல்லை. உமக்கு இருக்கிறது ஒரு கிட்னி. வாறது என்னட்டை வரட்டும் எண்டு, கதிரையில ஏறி ரெண்டையும் இடம் மாத்திச் செருகினனான். நீர் வந்து பாப்பீர் எண்டு நான் நினைக்கேல்லை."

வெளியே மேளம் ஒருமுறை தட்டிப் பார்த்தார்கள். அவர் தன் வலப்பக்க வயிற்றில் கை வைத்திருந்தார். அவருக்குள் செத்துப் போன சிறுநீரகத்தை டொக்டர்கள் வெளியே எடுக்கவில்லை, அப்படியே விட்டுவிட்டார்கள். நான் என் கையை அவர் கைமேல் வைத்தேன். தண்டுகளின் இடத்தைத்தான் அவரால் மாற்ற முடிந்தது. அந்த வருடம் செத்தது என்னுடையதுதான்.